தசரா ஊர்வலத்தில் பெண் வீட்டார்

மைசூரில் வீடு இருக்கிறது என்று மட்டும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள், பிள்ளைகளே. திருப்பூரில் வீடு என்றால் "அங்க வேலை கிடைக்குமா?" என்று கேட்பார்கள். மைசூரில் வீடு என்றால் "தசராவுக்கு எப்ப வரட்டும்?" என்று கேட்பார்கள். பல பேர் அதைக்கூடக் கேட்க மாட்டார்கள். வந்து நிற்பார்கள்.

மைசூர் தசராவைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவனுக்குத் தசரா என்றால் என்ன என்று என்னைக் கேளுங்கள். பக்கத்து வீட்டில் பாய் இரவல் வாங்குவது. விடியுமுன் குழாயடியில் சண்டை போட்டுக் குடம் குடமாகத் தண்ணீர் பிடிப்பது. எந்த வழியில் உறவு என்றே தெரியாத ஒரு சித்தப்பாவுக்கு வெந்நீர் போட்டுக் கொடுப்பது. அவர்கள் எல்லோரும் ஜம்பு சவாரி என்கிற யானை ஊர்வலம் பார்க்கக் கிளம்பிப் போனதும், அவர்களுடைய மூட்டை முடிச்சுக்குக் காவலாக வீட்டில் உட்கார்ந்து அதே யானையை டி.வி.யில் பார்ப்பது. எங்கள் டி.வி. பழசு. ஆகவே கல்யாண வயது வரும்வரை நான் பார்த்த தங்க அம்பாரி கறுப்பு வெள்ளை.

எழுதும்போதே கோபம் வருகிறது. வரட்டும். கோபம் இல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய கோபம் ஒன்று உண்டு. அது "சொந்த ஊர் எது?" என்ற கேள்வி. ஃபேக்டரியில் என் கூட வேலை செய்த கன்னடக்காரர்கள் கேட்பார்கள். "மைசூர்" என்பேன். "அது சரி, ஸ்வந்த ஊரு யாவுது?" என்பார்கள். கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் ஒரு விசேஷத்துக்குப் போனால் அங்கேயும் கேட்பார்கள். "மைசூருங்க" என்பேன். "அது பொழைக்கப் போன ஊரு. சொந்த ஊரு?" என்பார்கள். மேஸ்திரி வேலைக்காக மைசூருக்கு வந்தவர் என் அப்பா. நான் அல்ல. நான் எங்கிருந்தும் வரவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் என்னை இப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கியவன் மாதிரியே பார்த்தார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் உங்கள் அம்மாவை எனக்குப் பேசினார்கள். கோபி பக்கத்தில் மஞ்சள், கரும்பு போடுகிற குடும்பம். நாங்கள் போய்ப் பெண் பார்த்தோம். எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது உங்கள் அம்மா என்னைப் பார்த்து, "மைசூருல குளிரு சாஸ்திங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஸ்வெட்டர் வாங்கித் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். (அங்கேயே, அத்தனை பேர் முன்னால். என் அம்மா என் தொடையில் கிள்ளியது இன்னும் வலிக்கிறது.) அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு என் கதை முடிந்தது. கட்டினால் இவள்தான் என்று ஆகிவிட்டது.

ஆனால் நான் முடிவு செய்து என்ன? பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டும். அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீடு பார்க்க வந்த இடத்தில் கை நனைக்க மாட்டார்கள். சம்பந்தம் பிடித்தால்தான் சாப்பிடுவார்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் பெண்ணைக் கொடுத்ததாக அர்த்தம். சாப்பிடாமல் வேன் ஏறினால் பிறகு ஒரு நல்ல செய்தியும் வராது.

வீடு பார்க்க அவர்கள் தேர்ந்தெடுத்த நாள் எது? நீங்கள் கெட்டிக்காரர்கள், கண்டுபிடித்திருப்பீர்கள். விஜயதசமி.

காலையில் ஒரு மெட்டடார் வேன் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. உங்கள் அம்மாவைப் பெற்ற அப்புச்சியும் அம்முச்சியும் இறங்கினார்கள். அம்மாவின் தாய்மாமன் நாச்சிமுத்து இறங்கினார். அதற்குப் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்க இத்தனை பேரா என்று என் அப்பா விழித்தார்.

"வேனு சும்மாதானுங்க வருது. அதேன், தசரா பாக்கோணும்னு பிரியப்பட்டவங்களையும் ஏத்திக்கிட்டோமுங்க" என்றார் நாச்சிமுத்து.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தலையில் உருமாலைக்கட்டு, முறுக்கு மீசை. வந்ததும் வராததுமாக எங்கள் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்து பார்த்தார். (தண்ணீர் வரவில்லை. அது வரும் நேரமும் இல்லை.) அண்ணாந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பார்த்தார்.

"மேஸ்திரி வூடுன்னாங்க. சீட்டுப் போட்டிருக்குது?"

"ஊருக்கெல்லாம் கான்கிரீட் மோல்டு போட்டதுல எங்களுக்கு சிமென்ட் மிச்சமாகலீங்க" என்றார் என் அப்பா. அப்புச்சி லேசாகச் சிரித்தார். அவர் அன்று காலையிலிருந்து செய்த ஒரே காரியம் அதுதான். பேச்செல்லாம் நாச்சிமுத்துதான்.

என் அம்மா விடியுமுன் எழுந்து சமைத்திருந்தாள். பாயசம், வடை, இரண்டு பொரியல். யாரும் தொடவில்லை. காபி வேண்டாம். மோர் வேண்டாம். "இருக்கட்டுமுங்க, அப்பறம் பாக்கலாம்." அந்த "அப்பறம்" என்ற சொல்லில்தான் என் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. வெறும் தண்ணீர் மட்டும் குடித்தார்கள். அந்தத் தண்ணீரையும் நான்தான் தூக்கி வந்தேன்.

நாச்சிமுத்து என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"தம்பிக்குச் சொந்த ஊரு?"

"மைசூருதானுங்க."

"அது செரி. சொந்த ஊரு?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் மைசூர் என்றேன்.

"அப்பச் செரி. ஊர்க்காரர் கூட இருக்கறப்ப நமக்கு என்ன கொறை? அம்பாரியப் பக்கத்துல நின்னு பாக்கற எடம் தம்பிக்குத் தெரியுமல்லோ?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உலகத்தில் எத்தனையோ மாப்பிள்ளைகளுக்கு எத்தனையோ தெரியாது. நான், "என் கூட வாங்க, யானை வாலைத் தொடற தூரத்துல நிக்க வைக்கிறேன்" என்றேன்.

இங்கே ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். எங்கள் வீடு அப்போது என்.ஆர். மொஹல்லாவில் இருந்தது. அரண்மனையில் கிளம்பும் ஊர்வலம் முடிகிற இடம் பன்னிமண்டபம். எங்கள் வீட்டிலிருந்து பன்னிமண்டபத்துக்கு வெற்றிலை போட்டுக்கொண்டே நடந்துவிடலாம். என் அப்பா என்னைச் சமையற்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், "டேய், பேசாம பன்னிமண்டபம் ரோட்டுல நிக்க வை. யானை எதிர்லயே வரும்" என்றார்.

"வந்தவங்க முன்னாடி ஊர்க்கோடியிலயா நிக்கறது? சயாஜிராவ் ரோட்டுல நின்னாத்தான்ப்பா மரியாதை."

"அங்கெல்லாம் விடிஞ்சதும் போய் எடம் புடிக்கணும்டா."

"அது வெளியூர்க்காரங்களுக்கு" என்றேன். "நாம ஊர்க்காரங்க."

அந்த மடையனை இப்போது பார்த்தால் ஓர் அறை விடுவேன்.

மார்க்கெட்டின் பின்பக்கம் வேனை விட்டு இறங்கினோம். எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் அந்தக் கடைசியில் ஜனங்களின் முதுகு சுவர் போல நின்றது. மாடியில் ஜனம், மரத்தில் ஜனம், கடைப் பலகை மேல் ஜனம். பேண்டு வாத்தியம் கேட்கிறது, ஒன்றும் தெரியவில்லை. நான் முன்னால் ஓட, கோபி ஜனம் என் பின்னால் ஓடி வந்தது. அம்முச்சி இடுப்பில் ஒரு பெரிய முறுக்கு டின். சம்பந்தம் பிடித்தால் எங்கள் வீட்டில் வைப்பதற்காகக் கொண்டு வந்தது. வேனில் வைத்தால் டிரைவர் தின்றுவிடுவான் என்று கையோடு தூக்கி வந்திருந்தார்கள்.

ஒரு சந்தின் முனையில் மட்டும் கொஞ்சம் இடைவெளி இருந்தது. குறுக்கே கயிறு கட்டி ஒரு போலீஸ்காரர் நின்றார். நான் கயிற்றைத் தூக்கினேன். அவர் லத்தியை நீட்டினார்.

"யாவ ஊரு?" என்றார்.

"இதே ஊரு சார்."

"இதே ஊர்க்காரன் இந்த நேரத்துக்கா வருவான்?" என்று கன்னடத்தில் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அப்போது அவர் பார்வை என் பின்னால் போனது. உருமாலைக் கட்டிய மீசைக்கார ஆண்கள். கூட்டமாக எடுத்த, ஒரே மாதிரி அரக்குச் சேலைக்காரிகள். நடுவில் ஒரு டின். அவர் முகம் மாறியது. "யாவ தண்ட?" என்றார். தண்ட என்றால் குழு. ஊர்வலத்தில் ஆடிப் பாட ஊர் ஊராக வருகிற கலைக்குழுக்களைச் சொல்கிறார். அந்தச் சந்து அவர்கள் போய்ச் சேருவதற்காக விட்டிருந்த வழி.

கலைக்குழுக்களுக்கு மேடைப் பக்கத்தில் நாற்காலி போட்டிருப்பார்கள் என்று என் மூளை ஒரு நொடியில் கணக்குப் போட்டது. காலையிலிருந்து மைசூர் மைசூர் என்று சாதித்தவன், நெஞ்சை நிமிர்த்தி, "தமிள்நாடு தண்ட சார்!" என்றேன்.

கயிறு மேலே போனது. "பேக பேக! லேட்டாயித்து!" (சீக்கிரம், சீக்கிரம்!) என்று போலீஸ்காரர் எங்கள் எல்லோரையும் உள்ளே தள்ளினார்.

உள்ளே நாற்காலி இல்லை, மேடையும் இல்லை. சயாஜிராவ் ரோட்டின் நட்டநடுவில் நின்றோம். எங்களுக்கு முன்னால் டொள்ளு குணிதக்காரர்கள் பெரிய மத்தளம் அடித்துக்கொண்டு போகிறார்கள். பின்னால் பொய்க்கால் குதிரைகள் வருகின்றன. இரண்டு பக்கமும் கம்புத் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் லட்சோப லட்சம் ஜனம், எங்களைப் பார்த்துக் கை தட்டுகிறது.

"தம்பி, எங்க உக்கார்றதுங்க?" என்றார் அம்முச்சி.

"நடீரி, நடீரி!" என்று ஒரு வாலண்டியர் கத்தினான். நடந்தோம். வேறு என்ன செய்வது? தடுப்பைத் தாண்ட இடமில்லை. திரும்பினால் பொய்க்கால் குதிரை முட்டுகிறது. யானையோ இவர்கள் எல்லோருக்கும் கடைசியில், எங்கோ அரண்மனைப் பக்கத்தில், மெதுவாக வருகிறது. ஊர்வலத்துக்குள் நடப்பவனுக்கு ஊர்வலம் தெரியாது, பிள்ளைகளே. முன்னால் போகிறவன் முதுகுதான் தெரியும்.

"ஏய், குணியப்பா!" என்று கூட்டத்தில் ஒருவன் நாச்சிமுத்துவைப் பார்த்து விசில் அடித்தான்.

"என்றா சொல்றான் அவன்?"

"ஆடச் சொல்றாங்க."

"ஆருகிட்ட? எங்கிட்டயா?" மீசை துடித்தது. "பொண்ணுக்கு மாப்ள பாக்க வந்தவனை நடுரோட்டுல ஆட வெக்கறயா நீ?"

ஆனால் வேன் ஜனத்துக்குக் கொண்டாட்டம். மத்தளச் சத்தம் காலில் ஏறிவிட்டது. யாரோ அம்முச்சியிடமிருந்து முறுக்கு டின்னை வாங்கி அடிக்கத் தொடங்கினார்கள். இரண்டு பேர் உருமாலையைக் கழற்றிச் சுழற்றினார்கள். கூட்டம் பலமாகக் கை தட்டியது. டின்னுக்குள் எனக்காகச் சுட்ட முறுக்கு நொறுங்கும் சத்தம் எனக்கு மட்டும் தனியாகக் கேட்டது.

வெயில். பசி. காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடாத ஜனம். பேம்பூ பஜார் வரும்போது டின்காரர் ஓய்ந்துவிட்டார். அம்முச்சி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். அப்புச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். நாச்சிமுத்து மட்டும் வாயை நிறுத்தவில்லை.

"யானை வாலைத் தொடலாம்னாப்ல. வாலும் இல்ல, யானையும் இல்ல."

நான் நடையை எட்டிப் போட்டேன், அவரும் எட்டிப் போட்டார்.

"சொந்த ஊர்க்காரனா இருந்தா வழி தெரிஞ்சிருக்குமல்லோ. இங்கயும் ஊரில்ல, அங்கயும் ஊரில்ல. ஊரில்லாதவனுக்குப் பொண்ணக் குடுத்தா அந்தப் புள்ள எந்த ஊருன்னு சொல்லிக்கும்?"

நான் நின்றுவிட்டேன். பின்னால் வந்த பொய்க்கால் குதிரை என் மேல் மோதி நின்றது. டொள்ளுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பெண் எடுக்கப் போகிற வீட்டாரிடம், அதுவும் தாய்மாமனிடம், குரலை உயர்த்தவே கூடாது என்று என் அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நான் கத்தினேன். சாலை நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"நான் பொறந்தது இந்த ஊரு பெரியாஸ்பத்திரியில! இந்த ஊரு ஸ்கூல்ல அடி வாங்கினேன்! எங்கப்பன் சாரம் கட்டி ஏறாத தெரு இந்த ஊர்ல இல்ல! நீங்க எல்லாம் வர்றீங்க, பாக்கறீங்க, போறீங்க. நான் தண்ணி தூக்கறேன்! தசராவுக்குத் தண்ணி தூக்கறவனுக்கு மைசூர் சொந்த ஊரு இல்லன்னா வேற எவனுக்கு இது சொந்த ஊரு?"

கோபம் தலைக்கு ஏறினால் எனக்குத் தமிழ் வராது. மீதி எல்லாம் கன்னடத்தில் வந்தது. "இன்னெஷ்டு தலெமாரு இர்பேக்கு? ஹேள்ரீ!" (இன்னும் எத்தனை தலைமுறை இருக்கணும்? சொல்லுங்க!) என்று நாச்சிமுத்துவின் மீசைக்கு நேராக விரலை நீட்டினேன்.

இரண்டு பக்கத்துக் கூட்டமும் ஆர்ப்பரித்தது. தெரு நாடகம் என்று நினைத்துவிட்டார்கள்! விசில் பறந்தது. "ஒன்ஸ் மோர்!" என்று மாடியிலிருந்து ஒருவன் கத்தினான். ஒரு பெரியவர் தடுப்புக்கு மேலே கையை நீட்டி என் தோளைத் தட்டி, "சென்னாகி ஹேள்தே மகனே" (நல்லாச் சொன்னே மகனே) என்றார். என் வயிற்றெரிச்சலைக்கூட எனக்குச் சொந்தமாக வைத்துக்கொள்ள விடவில்லை என் சொந்த ஊர்.

அதற்குப் பிறகு பன்னிமண்டபம் வரை நாச்சிமுத்து எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். எனக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. போச்சு. ஸ்வெட்டரும் போச்சு.

பன்னிமண்டபத்தில் கலைக்குழுக்களை ஒரு பந்தலுக்குள் ஓட்டினார்கள். "ஊட்டா தகொள்ளி" (சாப்பாடு எடுத்துக்கோங்க) என்று ஆளுக்கு ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார்கள். சித்ரான்னம். எலுமிச்சை, வேர்க்கடலை வாசனை மூக்கைத் துளைத்தது. கோபி ஜனம் முழுவதும் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாச்சிமுத்துவைப் பார்த்தது. அவர் அப்புச்சியைப் பார்த்தார்.

"மச்சான், இதத் தின்னா கை நனைச்சதா ஆகுமுங்களா?"

"இது அவங்க வூட்டுச் சோறு இல்லீல்ல" என்றது வேன் ஜனத்தில் ஒரு குரல்.

"வூட்டுச் சோறு இல்ல, செரி. ஊருச் சோறாச்சே" என்றார் நாச்சிமுத்து. "இது எங்கூருன்னு இப்பத்தானே அந்தக் கத்து கத்தினாப்ல. அப்ப இது அவரு சோறுதான? தின்னாப் பொண்ணக் குடுத்த மாதிரிதான்."

எல்லோர் கையும் அப்படியே நின்றது. வெளியே கூட்டம் "ஜே!" என்று கத்தியது. யானை வந்துவிட்டது போலிருக்கிறது. ஆயிரம் தலைகளுக்கு மேலே ஏதோ ஒன்று மஞ்சளாக மின்னிப் போனது. அது அம்பாரியா, தெருவிளக்கா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எல்லோரும் அப்புச்சியின் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புச்சி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நூலைப் பிரித்தார். இலையை விரித்தார். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார். பிறகு அன்றைக்கு முதன்முதலாக வாயைத் திறந்தார்.

"உப்புக் கொஞ்சம் பத்தல. மாப்ளைக்கு ஒரு பொட்டலம் குடுங்க."

அதுவரை நான் தம்பி. வேன் ஜனம் "ஹோ"வென்று பொட்டலங்களைப் பிரித்தது. அம்முச்சி மிச்சமிருந்த முறுக்குத் தூளை என் கையில் கொட்டினார். எனக்கு அழுகை வந்தது, அதையும் கோபம் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு சமாளித்தேன்.

அங்கிருந்து வீட்டுக்கு நடந்தே வந்து பாயசம், வடை எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டார்கள். என் அம்மாவுக்குக் கடைசிவரை ஆறவில்லை. "நெய் விட்டுச் சமைச்சதைத் தொடாம, எவனோ குடுத்த சித்ரான்னத்துலயா கை நனைச்சாங்க?" என்று உங்கள் பெயர் சூட்டு விழாவில்கூடச் சொன்னாள்.

அப்புச்சி ஏன் சாப்பிட்டார் என்பது நம் வீட்டில் இன்னும் தீராத வழக்கு. நான் நடுரோட்டில் பேசிய பேச்சுக்காக என்பது என் கட்சி. "எங்கப்பாவுக்குப் பசி தாங்காது. ஒரு பொட்டலம் சித்ரான்னத்துக்கு என்னைக் குடுத்துட்டாரு" என்பது உங்கள் அம்மாவின் கட்சி. அவரிடமே பல தடவை கேட்டுவிட்டேன். "அன்னிக்கு உப்புப் பத்தலீங்க மாப்ள" என்பார். அதோடு சரி.

நாச்சிமுத்துதான் என்னை இன்னும் விடவில்லை. வயதாகிவிட்டது, மீசை வெளுத்துவிட்டது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. கோபி பக்கம் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என் கையைப் பிடித்துப் பந்தி நடுவில் இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவார்.

"எங்க மாப்ளைங்க. சொந்த ஊரு மைசூரு. சந்தேகம் இருந்தா கேட்டுப் பாருங்க, நடுரோட்டுல நின்னு சொல்லுவாப்ல."

அந்த ஜனமும் வேலையைப் போட்டுவிட்டு ஒவ்வொருவராக வந்து கேட்கும். "ஏனுங்க மாப்ள, சொந்த ஊரு எதுங்க?" எனக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறும். இலையில் சாதம் ஆறிக்கொண்டிருக்கும். கேட்கிற ஒவ்வொருவனுக்கும் நானும் சொல்லித் தொலைப்பேன், கொஞ்சம் சத்தமாகவே.